பையனுக்குக் 'கீரன்' என்று பெயர் வைக்கலாமா?

தூங்காதவள்

எல்லோருக்கும் வணக்கம். பையன் பிறந்து 26 நாள் ஆகிறது. இன்னும் பெயர் இல்லை. ஆளுக்கொரு விதமாகக் 'குட்டி', 'பயலே', 'சின்னவரே' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அவனும் எல்லாவற்றுக்கும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறான்.

நானும் கணவரும் ஒன்றில் மட்டும் உறுதியாக இருந்தோம். பழைய தமிழ்ப் பெயராக இருக்க வேண்டும், அதே நேரத்தில் தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயராக இருக்கக் கூடாது. இளங்கோ, செழியன், பாரி எல்லாம் பிடித்த பெயர்கள்தான், ஆனால் எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். தேடிக்கொண்டே போய்க் 'கீரன்' என்பதில் வந்து நிற்கிறோம்.

காரணம் சங்கப் புலவர் மோசிகீரனார். புறநானூற்றின் 50வது பாட்டு. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்குப் போகிறார். வீரமுரசை நீராட்டக் கொண்டுபோயிருக்கிறார்கள், அது இருக்கும் கட்டில் பூப்பரப்பி மெத்தென்று கிடக்கிறது. களைத்து வந்தவர் என்ன ஏது என்று தெரியாமல் அதில் ஏறிப் படுத்துத் தூங்கிவிடுகிறார். தலையை வெட்டியிருக்க வேண்டிய குற்றம். ராஜா வாளை எடுக்கவில்லை, பக்கத்தில் நின்று விசிறிவிட்டிருக்கிறார். எங்கள் வீட்டுப் பயல் ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டுப் பகலில் எந்த இடம் கிடைத்தாலும் தூங்குகிறான். விசிறுவதற்கு நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம். பெயர் தானாகப் பொருந்திவிட்டது.

சிக்கல் என்னவென்றால், மாமியார் கேட்டதும் "கீரையா? பிள்ளைக்குக் கீரை என்றா பேர் வைப்பார்கள்?" என்றார். தங்கை, "எல்லோரும் கிரண் என்றுதான் கூப்பிடுவார்கள், திருத்தியே ஆயுள் போய்விடும்" என்கிறாள். என் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

இப்படி அரிதான பெயர் வைத்தவர்கள், அல்லது அப்படியொரு பெயரோடு வளர்ந்தவர்கள், உண்மையைச் சொல்லுங்கள்.

சும்மாபடிப்பவன்

நன்றாக இருக்கிறது. வைத்துவிடுங்கள்.

ஓலைநறுக்கு

அம்மா, வாழ்த்துகள். தமிழ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீரன் தனியாக நிற்கக்கூடிய பெயர். நக்கீரர் என்பதே கீரனுக்கு முன்னால் 'ந' சேர்ந்ததுதான். அந்த 'ந' நன்மையைக் காட்டும் அடைமொழி. நப்பூதனார், நச்செள்ளையார் எல்லாம் அதே வழி. நக்கீரருக்கும் சிவபெருமானுக்கும் நடந்த வாதத்தை ஒட்டி, அவர் சங்கறுக்கும் குலம் என்று ஒரு கதை உண்டு, அதை வைத்துப் பெயருக்குப் பொருள் சொல்பவர்களும் உண்டு. அதில் தொங்க வேண்டாம். பழைய பெயர்கள் பலவற்றுக்கு இன்று பொருள் தெரியாது. பொருள் தெரியாததால் அந்தப் பெயருக்கு ஒரு குறையும் இல்லை.

சங்கப் பெயர் வைக்கிறேன் என்று ஆர்வமாகக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடையெழு வள்ளல் என்று ஏழு பேர் இருக்கிறார்கள். பாரி ஒருவன்தான் இன்றைய காதுக்குச் சிக்கல் இல்லாதவன். ஆய் அண்டிரன் எவ்வளவு பெரிய கொடையாளி! ஆனால் 'ஆய்' என்று ஒரு பிள்ளைக்கு வைத்தால் அவன் கதி என்னவாகும்? காரி என்றால் காறித் துப்புவது நினைவுக்கு வரும், எழுத்து வேறு என்று யாரிடம் போய் விளக்குவது? பேகனை ஆங்கிலத்தில் எழுதினால் சாமி இல்லாதவன் என்றோ பால் குடிக்காதவன் என்றோ படிப்பார்கள். சோழர்களின் கிள்ளி அழகான பெயர், ஆனால் வகுப்பில் பக்கத்துப் பையன் கிள்ளிவிட்டு "பேர் சொல்லிக் கூப்பிட்டேன் சார்" என்பான். நலங்கிள்ளி என்று முழுதாக வைத்தால் தப்பிக்கலாம்.

எழினி அதியமான் மரபில் ஆண்களுக்கு வழங்கிய பெயர். அவன் மகனே பொகுட்டெழினி. இன்று கேட்பவர்கள் பெண் பெயர் என்றே நினைக்கிறார்கள், பெண் பிள்ளைகளுக்கும் வைக்கிறார்கள். எழினிக்குத் திரைச்சீலை என்றும் பொருள் உண்டு, சிலப்பதிகாரத்தில் மேடைக்கு மூன்று வகை எழினி வரும்.

இன்னொன்று, இது வேடிக்கைக்காக. பிசிராந்தையார் என்ற பெயரில் இருக்கும் 'ஆந்தை' பறவை இல்லை. ஆதன் தந்தை என்பதுதான் ஆந்தை ஆகிறது, பூதன் தந்தை பூந்தை ஆவது போல. தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது. ஆகவே யாராவது மகனுக்கு ஆதன் என்று வைத்தால், இலக்கணப்படி அப்பா ஆந்தை ஆகிவிடுவார். ராத்திரி தூங்காத அப்பாக்களுக்குப் பொருத்தம்தான்.

இரண்டுபிள்ளைக்காரி

ஐயா, 'ஆய்' படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் மடியில் தூங்கிக்கொண்டிருந்த சின்னவன் எழுந்துவிட்டான். நீங்களே வந்து தூங்க வையுங்கள்.

வழுதி_நானேதான்

உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டதால் சொல்கிறேன். என் பெயர் வழுதி. புனைபெயர் இல்லை, சான்றிதழில் இருப்பது. வயது 41. பாண்டியர் பெயர் என்பதால் அப்பா ஆசை ஆசையாக வைத்தார்.

சின்ன வயதில் 'வழுக்கி', கல்லூரியில் 'வழுவட்டை', இப்போது தலைமுடி கொட்டிய பிறகு 'வழுக்கை'. பெயருக்கு நண்பர்கள் துரோகம் செய்யவே இல்லை, காலத்துக்கு ஏற்றபடி புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

அது போகட்டும், எல்லாப் பெயருக்கும் உள்ளது. என் உண்மையான தொல்லை 'ழ'. அதை ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தாக எழுதுவோம் இல்லையா, வெளிமாநிலத்தில் வேலை பார்த்தபோது அதை 'ஸ' என்று உச்சரித்து என்னை 'வசுதி' ஆக்கிவிட்டார்கள். ஒரு கூட்டத்தில் வசுதி மேடம் எங்கே என்று தேடினார்கள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சான்றிதழில் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் வேறு மாதிரி எழுத்துக்கூட்டல் இருந்ததால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதங்களுக்குக் கணக்கில்லை.

கீரனில் 'ழ' இல்லை. அதற்கே நீங்கள் பாதி தப்பித்தீர்கள்.

இதெல்லாம் பட்டதால் என் மகனுக்கு அஸ்வின் என்று வைத்தேன். அவன் வகுப்பில் மூன்று அஸ்வின். இவன் 'அஸ்வின் வி'. போன மாதம் வந்து கேட்கிறான், "உனக்கு மட்டும் ராஜா பேரு, எனக்கு மட்டும் ஏன் இனிஷியலு?" பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தூங்காதவள்

வழுதி அண்ணா, வசுதி மேடம் படித்து அழுதேன், சிரிப்பில்தான். கணவரிடமும் வாசித்துக் காட்டினேன். அவர் உடனே எடுத்து வைத்திருந்த பட்டியலில் 'கிழான்', 'எழில்', 'வேழன்' மூன்றையும் அடித்துவிட்டார்.

கரும்பலகை

ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் எந்தப் பெயரையும் விட்டுவைக்க மாட்டார்கள், அதனால் கேலிக்குப் பயந்து முடிவெடுக்காதீர்கள். ரமேஷையே படாத பாடு படுத்துவார்கள்.

என் வகுப்பில் ஒரு பாரி இருந்தான். வள்ளல்கள் பாடம் நடத்திய அன்று தொடங்கியது. "முல்லைக்கே தேர் கொடுத்தாய், எனக்கு ஒரு பென்சில் கொடுக்க மாட்டாயா?" என்று கேட்டுக் கேட்டு ஒரு வாரத்தில் அவன் பெட்டியைக் காலி செய்துவிட்டார்கள். அவனும் மறுக்காமல் கொடுத்திருக்கிறான்! அவன் அம்மா வந்து என்னிடம் சண்டை. நான் என்ன செய்ய, கபிலரைத்தான் கேட்க வேண்டும்.

பெயரைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வாசலில் நின்று மூன்றாவது வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்திக் கூப்பிடுங்கள். தமிழில் விளிக்கும்போது பெயர் மாறும். கீரன், 'கீரா' ஆகும். எனக்கு அது நன்றாகக் கேட்கிறது. ஆதன், 'ஆதா'. பரவாயில்லை. கொற்றன், 'கொற்றா'. கத்தும்போது கொஞ்சம் கொறட்டை மாதிரி வருகிறது. அப்புறம் கோபத்தில் ஒரு முறையும் கூப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அப்படித்தான் கூப்பிடப் போகிறீர்கள்.

குளிர்நாட்டான்

யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன். நான் இருக்கும் ஊரில் கீரன் அரிதான பெயரே இல்லை! ஐரிஷ்காரர்களுக்குக் கீரன் என்று ஒரு பழைய பெயர் இருக்கிறது, உச்சரிப்பு கிட்டத்தட்ட நம்முடையதேதான். அவர்களுடைய பழைய துறவிகள் சிலருக்கு அந்தப் பெயர். 'கறுப்பு' என்ற சொல்லில் இருந்து வந்தது, கறுத்த குட்டிப்பையன் என்று பொருள். அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலியே கீரன்தான், செம்பட்டை முடி, பால்வெள்ளை.

ஆக, பையன் வளர்ந்து வெளிநாடு போனால் யாரும் பெயரைத் தப்பாகச் சொல்ல மாட்டார்கள். ஊரில் இருந்தால்தான் கிரண் என்பார்கள்.

தூங்காதவள்

கறுத்த குட்டிப்பையனா! படம் போட மாட்டேன், கண் படும். ஆனால் பொருத்தம்.

கேள்விக்குறி

எல்லோரும் சிரித்துப் பேசுகிற இடத்தில் கசப்பாக ஒன்று கேட்கிறேன், தோழி தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

'பழைய பெயர்' என்கிறீர்கள். உங்கள் தாத்தா பெயர் என்ன? முனுசாமியா, பெரியசாமியா, பிச்சைமுத்துவா? அதுவும் பழைய பெயர்தான். இன்று ஒருவரும் பிள்ளைக்கு வைப்பதில்லை, ஆக அரிதும்கூட. நீங்கள் கேட்ட இரண்டு தகுதியும் அதற்கு இருக்கிறது. 2000 வருஷப் பழசு என்றால் பெருமையாகவும் 80 வருஷப் பழசு என்றால் கூச்சமாகவும் இருக்கிறது. புத்தகத்தில் படித்த யாரோ ஒரு புலவரின் பெயர் கிடைக்கிறது, தோளில் தூக்கி வளர்த்த மனிதரின் பெயர் கிடைக்கவில்லை. இது மொழிப்பற்றா, நாகரிகமா என்று எனக்குச் சந்தேகம்.

தூங்காதவள்

குத்திவிட்டீர்கள். என் தாத்தா பெயர் குப்புசாமி. இருக்கிறார், 84 வயது. உண்மையைச் சொன்னால் அந்தப் பெயர் எங்கள் பட்டியலில் ஒரு நிமிடம்கூட இருந்ததில்லை. ஏன் என்று யோசித்ததும் இல்லை.

கருவேலமுள்

கேள்விக்குறி அவர்களே, நான் பதில் சொல்கிறேன்.

தாத்தா காலத்துப் பெயர்களைப் பேரப்பிள்ளைகள் விட்டது நாகரிகத்துக்காக மட்டும் இல்லை. என் தாத்தாவின் பெயரைச் சொன்ன உடனே எதிரில் இருப்பவருக்கு எங்கள் தெரு எது என்று தெரிந்துவிடும். அடுத்த வார்த்தை 'வாங்க'வா 'வா'வா என்பது அந்த நொடியில் முடிவாகிவிடும். நல்ல சாமிப் பெயர் வைத்தாலும் அதைச் சுருக்கி, கடைசியில் மரியாதை விகுதி இல்லாமல் கூப்பிடுவதற்கென்றே சிலர் இருந்தார்கள். அப்பா எனக்குச் செழியன் என்று வைத்ததற்குச் சங்க இலக்கிய ரசனை காரணம் இல்லை. அவர் ஒரு பாட்டும் படித்தவர் இல்லை. அந்தப் பெயரைக் கேட்டு யாராலும் எங்களைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகத்தான்.

சங்கப் பெயர்களில் எனக்குப் பிடித்தது அதுதான். கீரன் என்றால் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லுங்கள் பார்க்கலாம். முடியாது. ஆதன் என்ற பெயர் கீழடிப் பானை ஓட்டில் இருக்கிறது, சேர அரசனின் கல்வெட்டிலும் இருக்கிறது. எகிப்தில் செங்கடல் ஓரம் குசைர் அல்-காதிமில் கிடைத்த ஓட்டில் சாத்தன் என்று கீறியிருக்கிறது. பானை வைத்திருந்தவனும் கப்பலில் போனவனும் அரசனும் ஒரே மாதிரிப் பெயர் வைத்திருந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது. அதை எடுத்துக்கொள்வதில் என்ன தப்பு?

கேள்விக்குறி

இந்தப் பக்கத்தை நான் யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். என் பெயர் தாத்தா பெயர்தான், எனக்கு அது சுமையாக இருந்ததில்லை, அதனால் யாருக்கும் இருக்காது என்று நினைத்துவிட்டேன். இருந்தாலும் தோழி, தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 84 வயது.

ஓலைநறுக்கு

ஒரு சின்னச் சேர்க்கை. செழியன், இளங்கோ போன்ற பெயர்கள் காலங்காலமாக வீடுகளில் தொடர்ந்து வந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கி வேதாசலம் என்பவர் மறைமலை அடிகள் ஆனார். பின்னால் திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அவர்களைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு வைக்க ஆரம்பித்ததுதான் இவ்வளவும். அந்தக் காலத்திலும் ஏதோ ஒரு மாமியார் 'செழியனா, அப்படியென்றால் என்ன?' என்று கேட்டிருப்பார். இன்று யாராவது கேட்கிறார்களா?

சாத்தனைப் பற்றி: பழைய உரையாசிரியர்கள் இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டு சொல்லும்போது 'சாத்தன் வந்தான்', 'சாத்தன் உண்டான்' என்றே எழுதுவார்கள். அவ்வளவு சாதாரணமான பெயராக இருந்தது. இன்று வைத்தால் ஒரு கால் சேர்த்துச் 'சாத்தான்' ஆக்கிவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர், ஆனால் என் பேரனுக்கு வைக்கச் சொல்லத் துணிவில்லை.

எண்ணும்எழுத்தும்

பெயர் எண் கூட்டிப் பார்த்தீர்களா? கடைசியில் இன்னொரு 'ஏ' சேர்த்தால் யோகமாக வரும்.

வழுதி_நானேதான்

சேர்த்தால் 'கீரான்' என்று படிப்பார்கள். ஏற்கெனவே கிரணோடு போராட்டம், ஈரானையும் ஏன் இழுக்கிறீர்கள்?

பதிவுமுத்திரை

பெயர் எதுவானாலும் சரி, எழுத்துக்கூட்டலை இப்போதே முடிவு செய்யுங்கள். பிறப்பை 21 நாளுக்குள் தெரிவித்திருக்க வேண்டும், அது மருத்துவமனையே செய்திருக்கும். பெயர் இல்லாமலும் பிறப்பைப் பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆக, அவசரப்பட்டு யாரோ சொன்ன பெயரை எழுதிக் கொடுக்காதீர்கள்.

ஆனால் எழுதிக் கொடுத்தபின் மாற்றுவது பெரும்பாடு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் இருக்கும் எழுத்துதான் எல்லா இடத்துக்கும் போகும். தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை, பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லாதீர்கள். என் பெண்ணுக்கு வாயால் சொன்னோம், யாழினி 'யாளினி' ஆனாள், திருத்த நாலு மாதம் அலைந்தோம்.

கீரனுக்கு இரண்டு 'ஈ' போடுங்கள். ஒற்றை 'ஐ' போட்டால் நிச்சயம் கிரண்தான்.

இரண்டுபிள்ளைக்காரி

தூங்காதவள் மூன்று நாளாகக் காணோமே? தூங்கிவிட்டாரா?

தூங்காதவள்

இல்லை, அந்தப் பாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை. தாத்தாவைப் பார்க்கப் போயிருந்தோம்.

கேள்விக்குறி சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. பையனை அவர் மடியில் வைத்துவிட்டு, "தாத்தா, இவனுக்கு உங்கள் பெயரை வைக்கட்டுமா?" என்று கேட்டேன். சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சட்டென்று "வேண்டாம்" என்றார்.

அப்புறம்தான் சொன்னார். அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்கவில்லையாம். நாலாவதாக இவர் பிறந்ததும் குப்பைமேட்டில் ஒரு முறத்தில் போட்டு, பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி எடுத்து வந்து, தவிட்டுக்கு விற்ற மாதிரி அவருடைய அம்மாவிடமே கொடுத்தாளாம். வேண்டாத பிள்ளை என்று நினைத்து எமன் விட்டுவிட்டுப் போகட்டும் என்று. அதனால்தான் குப்புசாமி. "அது பயத்துல வச்ச பேரு. என்னைக் காப்பாத்திருச்சு, அதோட அதுக்கு வேலை முடிஞ்சுது. இவனுக்கு என்ன பயம்?" என்றார். 32 வருடமாக அந்தப் பெயரை என் இனிஷியலுக்குப் பக்கத்தில் எங்கெங்கோ எழுதியிருக்கிறேன், இந்தக் கதை எனக்குத் தெரியாது. என் அப்பாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. திரும்பி வரும் வழியில் அப்பா முதல் முறையாகக் 'கீரன்' என்று சொல்லிப் பார்த்தார்.

கீரன் என்று நேற்று எழுதிக் கொடுத்துவிட்டோம். தாளில், பெரிய எழுத்தில், இரண்டு 'ஈ' போட்டு. அங்கே இருந்தவர் வாங்கிப் பார்த்துவிட்டு "கிரண் தானே?" என்றார். இல்லை சார், கீரன். "அதுதாம்மா, கிரண்" என்றார். கணினித் திரையை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் வெளியே வந்தேன்.

மாமியார் சமாதானம் ஆகவில்லை. கீரைக்குட்டி என்றுதான் கூப்பிடுகிறார். அதற்கு மட்டும் திரும்பிப் பார்க்கிறான்.

கரும்பலகை

வாழ்த்துகள். மூன்றாவது வீட்டுக்குக் கேட்டதா?

தூங்காதவள்

கத்திப் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன் அம்மா. இப்போதுதான் தூங்கினான்.